நடுவில் நிற்கும் வளையம்

லென்ஸ் அடாப்டர் என்று நான் கையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஓர் உலோக வளையம்தான். உள்ளே கண்ணாடி கிடையாது, மோட்டார் கிடையாது. ஒரு முகம் கேமராவின் மவுண்டில் உட்காரும். மறுமுகம் வேறொரு கம்பெனி லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். வேலை பழக வருகிற பிள்ளைகள் அதை வாங்கி, அதன் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "இதுல கத்துக்க என்னண்ணே இருக்கு?" என்று கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. அந்த வளையத்துக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. லென்ஸ் எந்தத் தூரத்தில் நிற்கவேண்டும் என்று செய்தவன் முடிவு செய்தானோ, அதே தூரத்தில் அதை நிறுத்தவேண்டும். அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்யவைப்பதற்குத்தான் இத்தனை வருடமும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மவுண்டின் முகத்திலிருந்து ஃபிலிமோ சென்சாரோ இருக்கும் இடம்வரை உள்ள தூரத்தை பிளாஞ்ச் தூரம் என்போம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தூரம் வைத்திருக்கிறது. 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. 1987-இல் வந்த கேனன் இ.எஃப்-க்கு 44. பழைய கேனன் எஃப்.டி-க்கு 42. ஒலிம்பஸ் ஓ.எம்-க்கு 46. திருகி மாட்டும் எம்42-க்கு 45.46. என் மாஸ்டர் இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதி மேசை டிராயரின் உட்புறம் ஒட்டியிருந்தார். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். மனப்பாடம் செய் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்குரூ டிரைவர் எடுக்கப்போய் எடுக்கப்போய் எண்கள் தாமாக மனதில் ஏறிவிட்டன.

கணக்கு வெறும் கழித்தல்தான். லென்ஸின் பிளாஞ்ச் தூரத்திலிருந்து கேமராவின் பிளாஞ்ச் தூரத்தைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் அடாப்டரின் தடிமன். எம்42 லென்ஸைக் கேனன் இ.எஃப் பாடியில் மாட்ட 1.46 மி.மீ. மிச்சம் இருக்கிறது, ஒரு மெல்லிய வளையம் போதும். அதே லென்ஸை நிக்கான் எஃப் பாடியில் மாட்டப் பார்த்தால் மிச்சம் இல்லை, 1.04 மி.மீ. கடனாக நிற்கிறது. லென்ஸை உடலுக்குள் அமுக்கினால்தான் தூரத்துக் காட்சி, அதாவது இன்ஃபினிட்டி, கூர்மையாக வரும். அது முடியாததால், எம்42 வகையைச் சேர்ந்த 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸ் நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் மூன்று மீட்டர் தாண்டினாலே ஃபோகஸ் ஆகாது. நடுவில் ஒரு திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் கிடைக்கும். இன்ஃபினிட்டி கிடைத்துவிடும், ஆனால் லென்ஸின் தெளிவில் ஒரு பங்கை அந்தக் கண்ணாடி எடுத்துக்கொள்ளும். முகம் மட்டும் எடுப்பவராக இருந்தால் கண்ணாடி இல்லாத வளையமே மேல் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

மிரர்லெஸ் வந்த பிறகு இந்தக் கடன் பிரச்சினை தீர்ந்தது. கேமராவுக்குள் ஆடி எழும்பி இறங்க இடம்விடவேண்டிய தேவை போனதும், பிளாஞ்ச் தூரம் பாதிக்கும் கீழே இறங்கியது. 2008-இல் பானசோனிக் ஜி1 வந்தபோது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டின் தூரம் 19.25 மி.மீ. 2010-இல் சோனி இ மவுண்ட் 18. 2018-இல் கேனன் ஆர்.எஃப் 20, நிக்கான் இசட் 16. அலமாரியில் தூங்கிய பழைய லென்ஸ்கள் அத்தனைக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. நிக்கான் எஃப் லென்ஸை சோனியில் மாட்ட 28.5 மி.மீ. வளையம், நிக்கான் இசட்டில் மாட்ட 30.5. ஸ்டூடியோக்காரர்கள் அப்பா காலத்து லென்ஸை மஞ்சள் பையில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவரத் தொடங்கியது அப்போதுதான்.

இடம் கிடைத்ததும் எல்லோரும் வளையம் செய்ய ஆரம்பித்தார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. மாஸ்டர் புது அடாப்டர் எதையும் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கேமராவில் மாட்டமாட்டார். முதலில் மைக்ரோமீட்டரை எடுப்பார். பாடி உட்காரும் முகத்துக்கும் லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் நடுவே நான்கு இடத்தில் அளப்பார். "கம்பெனிக்காரன் அச்சடிச்ச கணக்கு வேற, நம்ம கைக்கு வந்த வளையம் வேற. அளந்து பாருடா தம்பி" என்பார். அதன்பிறகு இரவில் மொட்டைமாடி. தூரத்தில் செல்போன் டவர் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, வ்யூஃபைண்டரில் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்புவார். விளக்கு ஒரு புள்ளியாகச் சுருங்கும் இடம் எது, லென்ஸில் இன்ஃபினிட்டி குறி எங்கே இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிடுவார். இன்றுவரை எனக்கும் அதுதான் சோதனை.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகு என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். லென்ஸின் ஃபோகல் லெங்க்தை அதாலேயே பெருக்கி, பிசகால் வகுத்துப் பாருங்கள். வளையம் 0.1 மி.மீ. தடிமன் கூடிவிட்டால், 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டருக்கு மேல் ஃபோகஸ் ஆகாது. 135 மி.மீ. லென்ஸுக்கு எல்லை 180 மீட்டர் சொச்சம். அதே வளையத்தில் 24 மி.மீ. லென்ஸ் ஆறு மீட்டரைத் தொடுவதற்குள் நின்றுவிடும். டெலி லென்ஸில் நல்ல பெயர் வாங்கிய அடாப்டர் வைடு லென்ஸில் மானத்தை வாங்குவது இதனால்தான். அடாப்டரைச் சோதிப்பதென்றால் கையில் இருப்பதிலேயே வைடான லென்ஸைப் போட்டுச் சோதியுங்கள். பகல் வெயிலில் எஃப் 8 வைத்து எடுத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மூடிய அப்பர்ச்சர் எல்லாப் பிசகையும் மறைத்துவிடும்.

தடிமன் கூடினால் இன்ஃபினிட்டி போய்விடும் என்பது செய்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் பலர் வேண்டுமென்றே ஒரு நூல் குறைத்துச் செய்கிறார்கள். அப்போது இன்ஃபினிட்டி குறிக்கு முன்னாலேயே தூரம் கூர்மையாகிவிடும், வாங்கியவர் சந்தோஷமாகப் போவார். சாதாரண 50 மி.மீ. லென்ஸில் இது பெரிய நஷ்டம் இல்லை. தூர அளவுகோல் பொய் சொல்லும், அவ்வளவே. எல்லா லென்ஸும் அப்படிப் பொறுத்துக்கொள்ளாது.

ஒரு கல்யாண ஃபோட்டோகிராபர் தம்பி, நிக்கான் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை சோனி பாடியில் மாட்டிக்கொண்டு வந்தார். "மண்டபத்தை முழுசா எடுத்தா ஓரமெல்லாம் கரையுதுண்ணே, இடது பக்கம் ரொம்ப மோசம். லென்ஸ் போயிடுச்சா?" என்றார். லென்ஸைத் திறந்து சுத்தம் செய்யவேண்டும் என்று வேறெங்கோ சொல்லியிருந்தார்களாம். நான் லென்ஸைத் தொடவில்லை. அடாப்டரை மட்டும் கழற்றி அளந்தேன். 28.5 இருக்கவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 0.1 குறைந்திருந்தது. ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் 0.03 வித்தியாசம் வேறு. இந்த 24 மி.மீ. வரிசையை நிக்கான் 1967-இல் கொண்டுவந்தபோதே உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதியைத் தனியாக நகரும்படி வைத்தது. ஃபோகஸ் வளையம் திரும்பும்போது அந்தத் தொகுதி தூரத்துக்கு ஏற்ப இடம் மாறி ஓரங்களைச் சரிசெய்யும். அடாப்டர் குறுகிப்போனால், தூரத்து மேடையை எடுக்கும்போது ஃபோகஸ் வளையம் ஆறு மீட்டர் குறியில் நிற்கும். உள்ளே நகரும் கண்ணாடியும் ஆறு மீட்டருக்கான இடத்திலேயே நின்றுவிடும். நடுப்பகுதி கூர்மையாக வரும், ஓரம் கரையும். இடது பக்கம் கூடுதலாகக் கரைந்ததற்குச் சாய்ந்த முகம் காரணம்.

அதைச் சரிசெய்யும் வேலைக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், பொறுமை வேண்டும். தட்டையான கனத்த கண்ணாடிப் பலகையில் ஆயிரம் நம்பர் தண்ணீர்க் காகிதத்தை விரித்து, வளையத்தின் உயர்ந்த முகத்தைக் கவிழ்த்து, எட்டு போடுவதுபோல் இழைக்கவேண்டும். சில சுற்றுக்கு ஒருமுறை வளையத்தைக் கால்வாசி திருப்பிப் பிடிக்கவேண்டும்; இல்லாவிட்டால் கையின் எடை ஒரே பக்கம் விழுந்து புதுச் சாய்வு உண்டாகிவிடும். கழுவி, துடைத்து, ஆறவைத்து, மறுபடி அளக்கவேண்டும். உள்ளங்கைச் சூட்டோடு அளந்தால் அளவு மாறும் என்று மாஸ்டர் வளையத்தை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நான்கு இடத்திலும் ஒரே எண் வந்தபிறகு இரண்டாயிரம் நம்பர் காகிதத்தில் பட்டும் படாமல் ஒரு முடிப்பு.

இழைத்ததும் வளையம் இன்னும் மெலிந்திருக்கும். குறைந்த அளவை ஷிம் வைத்து நிரப்பவேண்டும். லென்ஸ் உட்காரும் வளையத்தை நான்கு குட்டி ஸ்குரூ பிடித்திருக்கும். அதைக் கழற்றி அடியில் மெல்லிய பித்தளைத் தகட்டை வளையமாக வெட்டி வைப்பேன். கடைசி ஒரு நூலுக்குச் சமையலறை அலுமினியத் தாள் உதவும். அது சுமார் 0.016 மி.மீ. கனம்தான் இருக்கும். காகிதத்தில் வெட்டி வைப்பவர்களும் உண்டு. நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காகிதம் ஊதிவிடும், நான் வைப்பதில்லை. ஸ்குரூவைத் திருப்ப ஜப்பானிய அளவு ஸ்டார் முனை வேண்டும். சாதாரண ஸ்டார் முனை ஸ்குரூவின் தலையைத் தின்றுவிடும். கடைசியில் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு பொட்டு நகப்பூச்சு, தளராமல் பிடித்துக்கொள்ளும். அந்தத் தம்பி அதே லென்ஸோடுதான் இன்றைக்கும் மண்டபங்களில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு சட்டம் உண்டு. அடாப்டர் பிசகினால் அடாப்டரைத்தான் திருத்தவேண்டும். சிலர் வளையத்தை விட்டுவிட்டு லென்ஸின் ஃபோகஸ் வளையத்து ஸ்குரூக்களைத் தளர்த்தி இன்ஃபினிட்டியை நகர்த்தி வைப்பார்கள். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அந்த லென்ஸ் பிறகு தன் சொந்த கேமராவிலும் தப்பாகிவிடும், வேறெந்த நல்ல அடாப்டரிலும் தப்பாகிவிடும். மாஸ்டர் அப்படி ஒரு வேலையைச் செய்ததே இல்லை.

தடிமன் சரியான பிறகு பார்க்கவேண்டியது பிடி. லென்ஸை மாட்டி இரண்டு விரலால் இடம் வலம் அசைத்துப் பாருங்கள். கட கடவென்று ஆடினால் பயோனெட் நாக்குகளுக்குப் பின்னால் இருக்கும் பிளவில் மெல்லிய கத்தி முனையை விட்டு ஒரு மயிரிழை விரிக்கவேண்டும். எல்லா நாக்கையும் ஒரே அளவு விரிக்கவேண்டும், இழுத்து விரித்தால் ஒடிந்துவிடும். எம்42 அடாப்டரில் வேறொரு தொல்லை உண்டு. திருகி முடிக்கும்போது லென்ஸின் குறி மேலே நிற்காமல் பக்கவாட்டில் போய் நிற்கும். நல்ல அடாப்டரில் உள்வளையத்தைச் சுற்றி மூன்று தலையில்லாத ஸ்குரூ இருக்கும். அவற்றைத் தளர்த்தி, குறி உச்சிக்கு வரும்வரை உள்வளையத்தைத் திருப்பி இறுக்கினால் தீர்ந்தது.

வளையத்தின் உட்சுவரையும் பாருங்கள். விளக்கை நோக்கிப் பிடித்து உள்ளே பளபளப்புத் தெரிந்தால், அந்தப் பளபளப்பு சென்சாரில் மூட்டமாக இறங்கும். கறுப்பே சாம்பலாக வரும், லென்ஸ் சொத்தை என்று பழி விழும். கறுப்பு வெல்வெட் ஸ்டிக்கரை அளவாக வெட்டி ஒட்டினால் பாதி லென்ஸ்களுக்கு மறுஜென்மம் கிடைத்த மாதிரி இருக்கும். மவுண்ட் முகம் பித்தளையில் குரோம் பூசியதா, வெறும் அலுமினியமா என்பதும் முக்கியம். அலுமினியம் உரசி உரசித் தூள் விடும். அந்தத் தூள் போய்ச் சேரும் இடம் சென்சார்.

அடுத்தது அப்பர்ச்சர். பழக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஹீலியோஸ் 44-2 போன்ற லென்ஸில் கவலையே இல்லை. அப்பர்ச்சருக்கான இரண்டு வளையமும் கையால் திருப்புவதுதான். சூப்பர் தக்குமார் போன்ற எம்42 லென்ஸ்களின் பின்புறத்தில் ஓர் ஊசி இருக்கும். அதை அழுத்தினால்தான் பிளேடுகள் மூடும். தக்குமாரில் மேனுவலுக்கு மாற்ற ஒரு சுவிட்ச் உண்டு. அது இல்லாத லென்ஸுக்கு, ஊசியை அமுக்கும் விளிம்பு வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்கவேண்டும். கேனன் எஃப்.டி-க்கு லென்ஸின் நெம்புகோலைத் தள்ளும் ஒரு பூட்டு வளையம் அடாப்டரிலேயே இருக்கும். அதைத் திருப்ப மறந்தால் லென்ஸ் முழுக்கத் திறந்தே கிடக்கும். நிக்கான் ஜி வகையில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. வெறும் வளையத்தில் மாட்டினால் முழுக்க மூடிய நிலையில் நிற்கும். அதற்கென்று நெம்பும் வளையம் வைத்த அடாப்டர் வேண்டும். அதில் ஸ்டாப் எண்கள் இருக்காது, வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கை பழகவேண்டும்.

கேனன் இ.எஃப் லென்ஸ் மின்சாரம் இல்லாமல் பிளேடை அசைக்காது. மின்தொடர்பு இல்லாத வளையத்தில் அதை மாட்டவேண்டிய கட்டாயம் வந்தால் ஒரு பழைய கைவேலை உண்டு. முதலில் கேனன் பாடியில் மாட்டி, வேண்டிய அப்பர்ச்சரை வைத்து, டெப்த் பிரிவ்யூ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் பிளேடுகள் அந்த அளவிலேயே நின்றுவிடும். அவசரத்துக்கு உதவும். தினப்படி வேலைக்கு மின்தொடர்பு உள்ள அடாப்டர்தான் சரி.

அந்த வகை அடாப்டர்களிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து வாங்குங்கள். நிக்கானின் எஃப்.டி.இசட் அடாப்டர் இசட் பாடியில் ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-பி லென்ஸ்களை ஆட்டோஃபோகஸ் செய்யவைக்கும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். அந்த லென்ஸை ஓட்டும் மோட்டார் பழைய பாடிக்குள் இருந்தது, அடாப்டரில் இல்லை. கேனன் ஆர் பாடிக்கு இ.எஃப் லென்ஸ் மாட்டும் கேனனின் சொந்த அடாப்டர் 24 மி.மீ. தடிமன், உள்ளே கண்ணாடி இல்லை, தொடர்புகள் மட்டும். அதில் லென்ஸ் தன் ஊரில் இருப்பதுபோலவே வேலை செய்யும். கம்பெனி மாறி மாட்டும்போது அந்த அளவு எதிர்பார்க்காதீர்கள். பாடியை அணைத்த பிறகே மாட்டுங்கள், கழற்றுங்கள். தொடர்புப் புள்ளிகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்த்தால் துகள் உள்ளே விழும்.

ஃபோகல் ரெட்யூசர் மட்டும் தனி இனம். அதற்குள் கண்ணாடி உண்டு. ஃபுல் ஃபிரேம் லென்ஸின் பிம்பத்தை 0.71 பங்காகச் சுருக்கிச் சின்ன சென்சாரில் விழவைக்கும். பிம்பம் சுருங்குவதால் வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடும், 50 மி.மீ. எஃப் 1.4 ஏறக்குறைய 35 மி.மீ. எஃப் 1 ஆகிவிடும். அதை மாட்டுமுன் லென்ஸின் பின்கண்ணாடி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள், இரண்டு கண்ணாடியும் மோதினால் இரண்டுமே போகும். இந்த எச்சரிக்கை வெறும் வளையத்துக்கும் பொருந்தும். ரஷ்ய ஜூப்பிட்டர்-12 போன்ற லென்ஸ்களின் பின்கண்ணாடி உடலுக்குள் வெகுதூரம் போகும். மெதுவாக, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இறக்கவேண்டும்.

இனி கேமராவும் கையும். மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் விட அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் கேமரா சும்மா நிற்கும். பாடிக்குள் கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெடி ஷாட் இருந்தால் ஃபோகல் லெங்க்தை நீங்களே எழுதவேண்டும். என்னிடம் பழகிய ஒரு பிள்ளை 135 மி.மீ. லென்ஸைக் கழற்றி 50 மாட்டினார், எண்ணை மாற்றவில்லை. ஒரு மாலை முழுக்க எடுத்த படங்கள் அசைந்தே வந்தன. 135-க்கான ஆட்டத்தைக் கேமரா 50-க்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. லென்ஸ் மாற்றும்போது எண்ணையும் மாற்றுவது இப்போது அவருக்கு மூச்சு விடுவதோடு சேர்ந்துவிட்டது.

ஃபோகஸ் ஆன இடத்தை நிறத்தில் காட்டும் பீக்கிங் கோடுகள் வழிகாட்டும், முடிவு சொல்லாது. பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்ணிமையில் ஃபோகஸ் வைக்கவேண்டும். பழைய வேக லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் கொஞ்சம் நகரும். அதனால் எஃப் 2.8, எஃப் 4 வரை எந்த அளவில் எடுக்கப்போகிறீர்களோ அந்த அளவிலேயே ஃபோகஸ் வையுங்கள். அப்பர்ச்சர் மூடியிருந்தாலும் மிரர்லெஸ் வ்யூஃபைண்டர் தானாக வெளிச்சம் கூட்டிக்கொள்ளும். இன்னொன்று, நிக்கான் லென்ஸ் முன்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகப் பூட்டும். கேனனும் சோனியும் வலஞ்சுழி. அவசரத்தில் லென்ஸைத் திருகினால் எது கழன்று வருமோ தெரியாது. லென்ஸில் அடாப்டரை மாட்டி இரண்டையும் ஒன்றாகக் கேமராவில் ஏற்றுங்கள், ஒன்றாகவே இறக்குங்கள். கனத்த லென்ஸ் என்றால் டிரைபாடில் உட்காரவேண்டியது லென்ஸ் பக்கம். பாடியை உட்காரவைத்தால் எடை முழுக்க வளையத்தின் நாக்கில் தொங்கும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். கடலோர ஈரத்தில் பூஞ்சைதான் முதல் எதிரி. சிலந்தி நூல்போல் கிளை விரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். தோரியம் கலந்த சூப்பர் தக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 மஞ்சளாகியிருந்தால் பயப்படவேண்டாம்; வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த மஞ்சளை நாளடைவில் வெளுக்கவைக்கும். வெயிலில் வைத்தால் பக்கத்திலேயே இருங்கள், லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ மூட்டக்கூடியது.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பத்து அடாப்டர் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரு லென்ஸ், அதற்கென்று கண்ணாடி இல்லாத நல்ல வளையம் ஒன்று. அளந்து, இன்ஃபினிட்டி பார்த்து, ஆட்டம் நீக்கி, அந்த லென்ஸிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். ஒரு வருடம் அதோடு மட்டும் எடுங்கள். எந்தத் தூரத்துக்கு வளையம் எவ்வளவு திரும்பும் என்று விரலுக்குத் தெரிந்தபிறகு அடுத்த லென்ஸுக்குப் போகலாம். இரண்டு கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பாராமல் செய்த பொருள்களை ஒரே தூரத்தில் நிறுத்திவைக்கிற வேலை இது. அந்தத் தூரத்துக்குப் பொறுப்பேற்க இரண்டு கம்பெனியும் வராது. நடுவில் வளையத்தை மாட்டுகிறவர்தான் பொறுப்பு.